முந்நூற்றுப் பன்னிரண்டு சைபர்

என் அண்ணன் தன் அலுவலகச் சுவரில் எனக்கென்று ஒரு பிரேம் மாட்டியிருந்தான். தேக்கில் செய்த பிரேம், கண்ணாடி, மேலே ஒரு குட்டி விளக்கு. உள்ளே நான் போட்ட மலைப்படம். வலது மூலையில் என் கையெழுத்து. அப்பாவின் போட்டோவுக்குக்கூட அவன் விளக்குப் போட்டதில்லை.

"எப்படி இருக்கு?" என்றான்.

"எதுக்குத் திடீர்னு இத்தனை பாசம்? என் கல்யாணத்துக்கே நீ ஒரு பிளாஸ்டிக் கடிகாரம்தானே குடுத்தே."

"அது இன்னும் ஓடுதில்ல? உன் வீட்டுக்காரர்கூட அவ்வளவு ஓட மாட்டார்."

வியாழக்கிழமை மதியம். அண்ணன் கல் கான்ட்ராக்டர். மலையின் வடக்குப் பக்கமாகப் போகப்போகும் புதுச் சாலைக்குக் கல் கொடுக்கிறவன். நான் அதே மலையில் எந்தச் செடி எந்த உயரத்தில் முளைக்கிறது, எந்த விலங்கு எந்தச் சரிவில் குடியிருக்கிறது என்று பார்த்துப் படம் போடும் அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறவள். இரண்டு பேரும் ஒரே ஜவுளிக்கடையில் வளர்ந்தவர்கள். மற்ற வீடுகளில் பிள்ளை அழுதால் மிட்டாய் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா, "எவ்வளவு நேரம் அழுறதா உத்தேசம்? பாதியில முடிச்சுக்கோ" என்பார். நாங்களும் முக்கால்வாசியில் முடித்துக்கொள்வோம்.

அண்ணன் ஒரு விரலைக் கண்ணாடிமேல் வைத்தான். "இதோ, இந்தக் கட்டம். இருநூத்திப் பதினேழு. இனிமே இதுதான் என் பொழப்பு."

படத்தில் மலை நானூற்று எண்பது கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர். செடியோ விலங்கோ இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் வெள்ளை. 217 சுத்த வெள்ளை.

"சரிவு பூரா பாறைக்குவியல். வெடி வைக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், அள்ளினாப் போதும். திங்கட்கிழமை ஆரம்பம். செடி சைபர், மிருகம் சைபர், பறவை சைபர்னு நீயே எழுதிட்டே. பத்தே நாள்ல அனுமதி வந்துடுச்சு. உங்க தங்கச்சி படம் ரொம்பத் தெளிவா இருக்கு சார்னு ஆபீசர் சொன்னார். எனக்கு அப்படியே நெஞ்சு விரிஞ்சு போச்சு, பாப்பா."

அவன் நடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று.

"அனுமதியைக் காட்டு" என்றேன்.

காட்டினான். கடைக்காரன் மகன் அல்லவா, அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குக் கீழே முதலிலேயே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான். 'படத்தில் கையெழுத்திட்டவர் படத்தைத் திரும்பப் பெற்றால் பணிகள் அன்றே நிறுத்தப்படும்.'

"யார் திரும்பப் பெறப் போறா?" என்று சிரித்தான். "உன் கையெழுத்து இருக்கற வரைக்கும் எனக்கு ராஜயோகம்."

என் கையிலிருந்த டீ ஆறிப் போயிருந்தது. 217இல் நான் காலே வைத்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருத்தரும் வைத்ததில்லை.

*

இதை நான் மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்.

மலை என்பது துணி அடுக்கிய அலமாரி மாதிரி. அடித்தட்டில் வெயில் தாங்கும் முள்மரங்கள். நடுத்தட்டில் நெடுமரக் காடு. அதற்கு மேல் காற்றில் குறுகிப்போன குட்டை மரங்கள். உச்சியில் கம்பளி போர்த்தியது போல இலையெல்லாம் வெள்ளை மயிர் முளைத்த சின்னச் செடிகள். வெயில் படும் தெற்குச் சரிவில் ஒரு வரிசை என்றால் நிழல் விழும் வடக்குச் சரிவில் வேறு வரிசை. இதையெல்லாம் நடந்து பார்த்து எழுதுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் எங்கள் ஜீப் தெற்குச் சாலையில் மட்டும் போகும். ஜீப் போகாத இடத்துக்கு நடக்க மூன்று கையெழுத்து வேண்டும், மூன்று கையெழுத்துக்காரர்களும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் எங்கள் படத்தைப் பார்த்தால், இந்த மலையில் செடிகள் எல்லாம் ஜீப் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் முளைக்கும் போலிருக்கிறது என்று தோன்றும்.

களப் புத்தகத்தில் எங்களுக்கு மூன்று குறிகள் உண்டு. பார்த்தோம் என்றால் டிக். போய்த் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பெருக்கல் குறி. போகவே இல்லை என்றால் காலியாக விடுவோம். மூன்றும் மூன்று செய்தி. எங்கள் கடையிலும் இதே விவகாரம்தான். ஏணியில் ஏறிப் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொன்ன விற்பனையாளர்களை அப்பா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். திருடியவனைக்கூட ஒரு மாதம் வைத்துப் பார்த்தவர்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தில் புதுக் கம்ப்யூட்டர் நிரல் வந்தது. அது காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளாது. காலியாக விட்டால் சிவப்பாக ஒரு பெட்டி வந்து கத்தும். டைப்பிஸ்ட் அக்கா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், போகாத கட்டத்துக்கு என்ன போடட்டும்? வெறுமனே விட்டா விட மாட்டேங்குது."

நான் அப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் கல்யாணம். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.

"இப்போதைக்கு சைபர் போட்டுடுங்க. வந்து மாத்திக்கலாம்."

வந்தேன். மாற்றவில்லை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். நான்கு மாதத்தில் படம் அச்சாகி வந்தது, மேலிடத்தில் கைதட்டினார்கள், எங்கள் இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மலையில் மூன்றில் இரண்டு பங்கு மொட்டை என்று எழுதியதற்குக் கேடயம். பாராட்டு விழாவில் எனக்கும் ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

*

இயக்குநருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இருபது வருடத்தில் அவர் எதையும் பார்த்து நான் பார்க்கவில்லை.

வியாழன் சாயங்காலமே அவர் அறைக்குப் போனேன். சைபர் விவகாரத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகச் சுருக்கென்றது.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும் தெரியாதுன்னு இல்லம்மா. மூணு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்கு வந்துச்சே, அது கேட்டுச்சு. பார்க்கலாம்னேன்."

"இப்ப அங்க கல்லு அள்ளப் போறாங்க சார்."

"அங்க ஏதாவது இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதைத்தான் சொல்றேன். தெரியாது."

"அப்ப எதுக்கும்மா டென்ஷன்? போய்ப் பாரு. ஏதாவது இருந்தா அந்த ஒரு கட்டத்தை மட்டும் நைசா மாத்திடலாம். மத்ததைக் கிளறாதே. உனக்கு ரிட்டையர்மென்டுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

கடையில் வாடிக்கையாளர் கோபமாக வந்தால் அப்பா முதலில் ஒரு டீ சொல்வார். பார்க்கலாம் சாரும் பெல்லை அழுத்தி டீ சொன்னார். ஒரே நாளில் இரண்டாவது டீ. அதையும் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

*

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பை எடுத்தோம். எங்கள் டிரைவருக்கு 'ரெண்டாம் கியர்' என்று பெயர். மூன்றாவது கியர் மனிதனுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. ஆறு வருடமாக எங்கள் ஜீப் போக முடியாத வடக்குப் பக்கத்துக்கு அண்ணன் ஆறு வாரத்தில் மண்பாதை போட்டிருந்தான். அவன் பாதையிலேயே போனோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால், பாதை அவ்வளவு நன்றாக இருந்தது, அதன்மேல்.

பாதை முடிந்த இடத்தில் சரிவு தொடங்கியது. அண்ணன் சொன்னது சரிதான். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கல். யானை அளவு, மேசை அளவு, தலையணை அளவு, உச்சியிலிருந்து யாரோ கொட்டிவிட்ட மாதிரி. உயரம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். கோடை உச்சம். முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அடிவாரக் கற்களிடம் போனதும் ரெண்டாம் கியர் நின்றுவிட்டார். "மேடம், இங்க யாரோ ஏசி கடை போட்டிருக்காங்க."

எனக்கும் கணுக்காலில் சில்லென்றது. குனிந்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே தலை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மெதுவாக, நிற்காமல், யாரோ மூச்சு விடுவது போல. தெர்மாமீட்டரை உள்ளே விட்டேன். வெளியே இருபத்து மூன்று. உள்ளே மூன்றரை. பக்கத்துப் பொந்துகளிலும் அதேதான்.

பொந்தைச் சுற்றிப் பாறையில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தேன். போர்வைக்காரி. இலையெல்லாம் கம்பளி மூடிய உச்சிமலைச் செடிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. மூவாயிரத்து இருநூறு மீட்டருக்குக் கீழே அதை யாரும் பார்த்ததாக எழுதியதில்லை. அலமாரியின் உச்சித் தட்டில் இருக்க வேண்டிய பட்டு, அடித்தட்டில் மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. அதுவும் ஒன்றிரண்டல்ல. ஒவ்வொரு பொந்தின் வாயிலும் ஒரு மெத்தை.

அப்போது பக்கத்துப் பாறை இடுக்கிலிருந்து கூர்மையாக ஒரு விசில்.

"நான் இல்ல மேடம்" என்றார் ரெண்டாம் கியர்.

விசில்காரன். வாலில்லாத, வட்டக் காது வைத்த, உள்ளங்கையில் அடங்கும் குட்டி முயல். சூடு தாங்காத பிராணி. உச்சியில் பனி உருகும் இடத்தில்தான் இருக்கும் என்பது பாடம். இது பாறைமேல் நின்று எங்களை அதட்டிவிட்டு, வாயில் ஒரு கொத்துப் புல்லோடு இடுக்குக்குள் போயிற்று. எட்டிப் பார்த்தேன். உள்ளே காயவைத்த புல் அடுக்கடுக்காக. நுனி எல்லாம் ஒரே பக்கம், அடி எல்லாம் ஒரே பக்கம். எங்கள் கடையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக ஸ்டாக் அடுக்கியதில்லை. ஒரு மணி நேரத்தில் இப்படி முப்பத்தொரு அடுக்குகளைப் பார்த்தேன்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாறைமேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக முப்பத்தொரு குடித்தனத்தை சைபர் என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

"அழறீங்களா மேடம்?"

"வாயை மூடிக்கிட்டு டேப்பைப் பிடிங்க."

படம் எடுத்தோம், அளந்தோம், அறிக்கை எழுதினோம். ரெண்டாம் கியர் என் வற்புறுத்தலில் மூன்றாவது கியரே போட்டார். அப்படியும் அலுவலகம் வந்து சேரும்போது பார்க்கலாம் சார் கிளம்பிப் போயிருந்தார். இனி திங்கட்கிழமைதான். திங்கட்கிழமை காலை அண்ணன் அள்ளத் தொடங்குவதற்கு முன்னால் அவரை வைத்துத் தடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ராத்திரியே அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். அவன் பொறுமையாகக் கேட்டான். "அப்படியா? அடடா" என்றான். பேரத்தில் எதிராளி அடடா சொன்னால் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டேன்.

*

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரெண்டாம் கியர் கூப்பிட்டார். "மேடம், எங்க வீட்டு வாசல் வழியா டிப்பர் லாரி வரிசையா போகுது. எல்லாம் உங்க அண்ணன் லாரி."

நாங்கள் போய்ச் சேரும்போது பொக்லைன் அடிவாரத்தில் பத்தடி அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. நேற்று நான் தெர்மாமீட்டர் விட்ட பொந்து இருந்த இடத்தில் ஈர மண் தெரிந்தது. லோடு ஏற்றிய மூன்று லாரிகள் எங்களுக்கு எதிரே இறங்கிப் போயின. அண்ணன் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் டீயோடு நின்றான்.

"திங்கட்கிழமைன்னு சொன்னே!"

"வேலையாளுங்க சும்மா இருந்தாங்க."

"என்கிட்டயே கதை விடறியா? நான் திங்கட்கிழமை தடுப்பேன்னு தெரிஞ்சு ரெண்டு நாள் முந்திக்கிட்டே."

அவன் மறுக்கவில்லை. "கடைச் சட்டம் உனக்குத் தெரியும் பாப்பா. கிழிச்ச துணி திரும்ப எடுக்கறதில்ல. ஒரு முழம் கிழிஞ்சா பேரம் முடிஞ்சுது."

எங்கள் கடையில் அது உண்மை. வாடிக்கையாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கத்திரியை வைத்துச் சர்ரென்று கிழித்துவிடுவான் அண்ணன். அப்புறம் அவர்களுக்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. அப்பா திட்டுவதுபோல் திட்டுவார். பெருமையாகத்தான் இருந்திருப்பார்.

"கையைக் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"குடுடா!"

இருபது வருடத்தில் அவனை நான் 'டா' போட்டதில்லை. பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப்போய், இன்னும் மிச்சமிருந்த ஒரு பொந்துக்குள் முழங்கை வரை திணித்தேன்.

"ஐயோ!" என்று இழுத்துக்கொண்டான். மறுபடி அவனாகவே விட்டான். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "உள்ள என்ன இருக்கு?"

"ஐஸ். குளிர்காலத்துல இந்த அடிப்பொந்து வழியா குளிர் காத்து உள்ள போய் அங்க இருக்கற தண்ணி உறைஞ்சுடுது. கோடையில அதே குளிர் கொஞ்சங் கொஞ்சமா இது வழியாவே வெளிய வருது. மேல இருக்கற பொந்து எல்லாம் அதுக்கு மூக்கு. அதனாலதான் உச்சியில இருக்க வேண்டிய செடியும் முயலும் இங்க பொழைக்குது. கீழ காடு சூடாகச் சூடாக இதுங்களுக்குப் போக வேற இடம் கிடையாது."

அண்ணன் கையை உதறிக்கொண்டான். அவன் கண்ணில் யோசனை தெரிந்தது. எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. ஆனால் அது கடை யோசனை.

"சரி. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பாதி பாதி. மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எனக்கு."

"கீழ்ப்பாதிதான் வாய்."

"அப்ப கீழ்ப்பாதி நீ வச்சுக்கோ. மேல்பாதி எனக்கு."

"அது மூக்கு."

"மூணுல ஒரு பங்கு? ஓரமா?"

"அண்ணா, போர்வையைக் குறுக்க கிழிச்சா ரெண்டு துண்டு ஆகும். தைச்ச சட்டையைக் குறுக்க கிழிச்சா ரெண்டு கந்தல்தான். இது சட்டை."

"ஒரு பேச்சுக்குக்கூட இறங்க மாட்டியா? நீ அப்பாவுக்குப் பொறந்தவதானா?"

"இதுல இறங்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் முகம் மாறியது. "ஒண்ணுமில்லைன்னு நீதானே எழுதினே! நான் கள்ளத்தனமா வந்தேனா? உன் படத்தை நம்பி பாதை போட்டேன், மிஷின் எடுத்தேன், நாப்பது பேருக்கு வேலை சொன்னேன். ஊர் பூரா என் தங்கச்சி என் தங்கச்சின்னு பீத்திக்கிட்டேன். இப்ப வந்து மூக்குங்கறே, வாய்ங்கறே. அன்னிக்கு உன் கண்ணு எங்க போச்சு?"

என்ன பதில் சொல்ல? உன் மகள் கல்யாணத்துக்குப் போச்சு என்றா?

"படத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன்.

"ஒரு கட்டத்தையா?"

"அது உடனே நடக்காது. திங்கட்கிழமை விண்ணப்பம் போட்டா ஒரு கட்டத்தை மாத்த ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள நீ மலையவே அள்ளிடுவே. முழுப் படத்தையும் வாங்கினாதான் இன்னிக்கே நிக்கும். பொடி எழுத்துல நீயே கோடு போட்டிருக்கே."

அண்ணன் சிரித்தான். கடையில் வாடிக்கையாளர் எழுந்து போவது போல நடித்தால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "மிரட்டாதே பாப்பா. உன் வேலையே போயிடும்." பொக்லைன்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினான். இன்ஜின் மறுபடி உறுமியது.

நானும் எழுந்து போவது போலத்தான் நடந்தேன். வழக்கமாகப் பத்தடியில் கூப்பிடுவார்கள். அவன் கூப்பிடவில்லை. நானும் திரும்பவில்லை.

*

பார்க்கலாம் சார் வீட்டு மாடியில் தொட்டிச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொட்டியிலும் பெயர் எழுதிய பலகை. அழகான எழுத்து. எந்தத் தொட்டியும் காலியில்லை.

இரண்டு வெள்ளைத் தாள்களைக் கேட்டு வாங்கி, அவர் மாடியின் கைப்பிடிச் சுவரிலேயே வைத்து ஒரே கடிதத்தை இரண்டிலும் எழுதினேன். 'என் படத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் எதுவும் இல்லை என்று காட்டியிருப்பது பொய். அங்கே நான் போகவில்லை. என் அலுவலகத்திலிருந்து யாரும் போகவில்லை. போகாத இடத்துக்கு சைபர் போடச் சொன்னது நான். படத்தை இன்றே திரும்பப் பெறுகிறேன்.'

அவர் படித்தார். தண்ணீர்க் குழாய் அவர் செருப்பின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"பொய்ங்கற வார்த்தை வேண்டாம்மா. 'விடுபட்டது'ன்னு போடேன்."

"விட்டுப் போகலை சார். போட்டோம்."

"அஞ்சு ரோடு, ரெண்டு ஓட்டல், ஒரு ரோப்கார் இந்தப் படத்து மேல நிக்குது. அத்தனையும் நிக்கும்."

"நிக்கட்டும்."

"உன்னை சஸ்பெண்டு பண்ணுவாங்க. நான் தடுக்க முடியாது."

"நீங்க என்னிக்கு சார் எதைத் தடுத்தீங்க?"

இந்த ஒரு வரியை இருபது வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொன்னால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். அதுகூட இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பூச்செண்டு தெரிந்தது.

கடிதத்தின் ஒரு பிரதியை அவர் கையில் திணித்துவிட்டு, இன்னொன்றைச் சனிக்கிழமையும் திறந்திருக்கும் சாலைத் துறையின் பொறுப்பு இன்ஜினியரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மாள் இரண்டு தடவை படித்தாள். அனுமதிக் கோப்பை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படி யாரும் தனக்குத்தானே எழுதிக் குடுத்து நான் பார்த்ததில்ல" என்று சொல்லி முத்திரை குத்தினாள்.

மதியம் மூன்று மணிக்குப் பொக்லைன் நின்றது. அதற்குள் பத்தொன்பது லோடு போயிருந்தது. கல் போய்ச் சேர்ந்த இடத்தில் அரவை மிஷின். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் ஜல்லி. கிழித்த துணிதான். திரும்ப வராது.

*

அடுத்த புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. வியாழக்கிழமை சஸ்பெண்டு ஆணை. அதில் காரணம் 'அலுவலகத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்று இருந்தது. போகாத இடத்துக்கு சைபர் போட்டது காரணம் இல்லை, அதை வெளியே சொன்னதுதான் காரணம். டைப்பிஸ்ட் அக்காவைத்தான் டைப் அடிக்க வைத்திருந்தார்கள். கையில் கொடுக்கும்போது, "காரணம்ங்கற இடத்தைக் காலியா விட்டுப் பார்த்தேன் மேடம். மிஷின் கத்திடுச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் அலுவலகத்துக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே பார்த்துவிட்டு, "உள்ள இருக்கார். ஆறு நாளா சாப்பாட்டுக்கும் சரியா வரல. பார்த்துப் பேசு" என்று ஒதுங்கிக்கொண்டாள். அண்ணன் மேசையில் உட்கார்ந்து வெறும் காகிதத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

பிரேம் இன்னும் சுவரில்தான் இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதைக் கழற்றினேன். மேசைமேல் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளைச் சாவியால் நெம்பினேன்.

"அது என் பிரேம்" என்றான்.

"பிரேமை நீயே வச்சுக்கோ. படம் பொய். அதை உன் சுவத்துல விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நாப்பது பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"தெரியும்."

"மிஷின்காரன் தினம் போன் பண்றான்."

"தெரியும் அண்ணா."

"எல்லாம் தெரியும் உனக்கு!" என்று மேசையைத் தட்டினான். பேனா உருண்டு கீழே விழுந்தது. "தெரிய வேண்டியது மட்டும் தெரியாது. ஆறு வருஷம் முன்னாடி ஏணியில ஏறிப் பார்த்திருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனே! வேற மலை இல்லையா எனக்கு? வேற கல்லு இல்லையா?"

ஆணிகள் ஒவ்வொன்றாக வந்தன. சனிக்கிழமை முந்திக்கொண்ட அவன்மேலும் கோபம், அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாத என்மேலும் கோபம். படத்தை உருவிச் சுருட்டினேன். கதவு வரைக்கும் போனேன்.

"பாப்பா."

பத்தடி கூட இல்லை. நின்றேன்.

அவன் தன் வலது கையை, முழங்கை வரை, இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொந்துல இப்ப எவ்வளவு இருக்கு?"

"முந்தாநேத்து ஜீப்புல போனப்ப ஏழு."

"முதல்ல?"

"மூணரை."

கணக்கில் அவன் என்னைவிட வேகம். உதடு அசையாமல் போட்டு முடித்தான்.

"விசில் அடிக்குமே, அது?"

"முப்பத்தொண்ணுல பன்னெண்டு அடுக்கு லாரியில போச்சு. மிச்சத்துல நாலு இடத்துல சத்தம் கேட்டுது."

"இறங்குமா? திரும்ப மூணரைக்கு?"

கடையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. இருக்கும், வரும், நாளைக்கு ஸ்டாக் வந்துவிடும். அவன் முகம் அதைத்தான் கேட்டது.

"தெரியாது" என்றேன். "குளிர்காலம் முடிஞ்சு போய்ப் பார்க்கணும்."

"எப்படிப் போவே? உனக்குத்தான் ஜீப் இல்லையே இப்ப."

"நடந்து."

அவன் குனிந்து கீழே விழுந்த பேனாவைத் தேடினான். நான் முந்நூற்றுப் பன்னிரண்டு சைபரையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.